வீட்டில் சரியாக வரும் கணக்கு தேர்வில் ஏன் வருவதில்லை?

கேள்வி: என் மகள் பதினோராம் வகுப்பில் வணிகவியல் பிரிவு எடுத்திருக்கிறாள். வணிகக் கணிதமும் புள்ளியியலும் அவளுக்கு ஒரு பாடம். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் போடுகிறாள். நோட்டைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் 'சரி' போட்டிருக்கிறது. ஆனால் அரையாண்டுத் தேர்வில் 90-க்கு 31 வாங்கியிருக்கிறாள். கணக்கு வராவிட்டால் கைடைப் பார்ப்பாள், இல்லையென்றால் செல்போனில் படம் பிடிப்பாள். விடை வழிமுறையோடு வந்துவிடுகிறது. "பார்த்தால் புரிகிறது அம்மா, தேர்வில்தான் வரவில்லை. எனக்குக் கணக்கு வராது" என்று அழுகிறாள். நான் பத்தாவது படித்தவள், தையல் வேலை செய்கிறேன். எனக்குச் சொல்லித்தரத் தெரியாது. டியூஷனில் சேர்ப்பதா, போனைப் பிடுங்கி வைப்பதா? அவளுடைய நோட்டின் சில பக்கங்களையும் விடைத்தாளின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

வாசகி, திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நோட்டையும் விடைத்தாளையும் சேர்த்து அனுப்பியது மிகவும் நல்லதாயிற்று. மதிப்பெண்ணை மட்டும் எழுதியிருந்தால், "நிறையப் பயிற்சி செய்யச் சொல்லுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகத்தான் யாராலும் பதில் சொல்ல முடியும். உங்கள் மகள் பயிற்சியில் குறை வைக்கவில்லை. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். தேர்வில் அவள் கோட்டைவிட்ட கணக்குகளில் பல, வீட்டில் அவளே சரியாகப் போட்டவை. எண்கள்கூட அதிகம் மாறவில்லை. கணக்கு வராத பெண் அல்ல அவள். வீட்டுப்பாடம் போடும் விதத்தில்தான் ஏதோ ஒன்று விட்டுப்போகிறது.

அது என்னவென்று அவளுடைய தாளிலிருந்தே காட்டுகிறேன். ஒரு கார் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகிறது. அதே வழியில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் திரும்புகிறது. சராசரி வேகம் என்ன? நோட்டில் 48 என்று எழுதியிருக்கிறாள், அது சரி. விடைத்தாளில் நாற்பதையும் அறுபதையும் கூட்டி இரண்டால் வகுத்து 50 என்று எழுதியிருக்கிறாள்.

நோட்டில் அந்தக் கணக்கு இருக்கும் பக்கத்தின் தலைப்பைப் பாருங்கள். 'இசைச் சராசரி' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதற்கு மேலே சூத்திரம். அதன் கீழே ஒரே மாதிரியான ஐந்து கணக்குகள். எந்தச் சூத்திரத்தை எடுப்பது என்று அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, பாடத்தின் தலைப்பே சொல்லிவிட்டது. எண்களைப் பொருத்தினாள், விடை வந்தது. தேர்வுத்தாளில் அதே கணக்கு ஒட்டுறவுக் கணக்குக்கும் வட்டிக் கணக்குக்கும் நடுவே பெயரில்லாமல் நிற்கிறது. "நான் எந்த வகைக் கணக்கு?" என்று அது சொல்லாது. அந்த முடிவை எடுக்கும் பழக்கம் வீட்டில் ஒரு நாளும் அவளுக்குக் கிடைக்கவில்லை. நாற்பது, அறுபது, சராசரி என்று கண்ணில் பட்டதும் சின்ன வகுப்பிலிருந்து கை பழகிய வழியில் போய்விட்டாள்.

உங்கள் தொழிலில் இது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒருவர் அளவெடுத்துச் சாக்குக் கட்டியால் கோடு போட்டுக் கொடுத்த துணியை வெட்டுவது ஒரு வேலை. வெறும் துணியைக் கையில் கொடுத்து "இவருக்கு ஒரு ரவிக்கை" என்றால் அது வேறு வேலை. உங்கள் மகள் இத்தனை நாளும் கோடு போட்ட துணியைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் கார் கணக்கைச் சூத்திரம் இல்லாமலே போடலாம். தூரம் எவ்வளவு என்று கொடுக்கவில்லை. ஆகவே நாமே வசதியாக ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாற்பதாலும் அறுபதாலும் மீதியில்லாமல் வகுபடும் 120 கி.மீ. என்று வையுங்கள். போக 3 மணி நேரம், திரும்ப 2 மணி நேரம். மொத்தம் 240 கி.மீ., 5 மணி நேரம். வகுத்தால் 48. தூரத்தை 240 என்று எடுத்தாலும் 600 என்று எடுத்தாலும் இதே 48-தான் வரும். அவளே போட்டுப் பார்க்கட்டும்.

ஏன் 50 வரவில்லை? கார் மெதுவாகப் போன நேரம் 3 மணி, வேகமாகப் போன நேரம் 2 மணி. மெதுவாகப் போன நேரம் கூடுதலாக இருப்பதால் சராசரி அறுபதைவிட நாற்பதின் பக்கம்தான் சாய வேண்டும். அதாவது, ஒரு வரி எழுதுவதற்கு முன்பே "விடை ஐம்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்" என்று சொல்லிவிடலாம். இப்படிச் சொல்லப் பழகியவள் விடைத்தாளில் 50 என்று எழுதியதும் தானாகவே நின்று யோசிப்பாள். இன்னொன்றையும் அவளிடம் கேளுங்கள். கார் முதல் ஒரு மணி நேரம் 40 கி.மீ. வேகத்திலும் அடுத்த ஒரு மணி நேரம் 60 கி.மீ. வேகத்திலும் போனால் சராசரி என்ன? இரண்டு மணி நேரத்தில் 100 கி.மீ., ஆகவே சரியாக 50. எண்கள் அதேதான். 'அதே தூரம்' என்பது 'அதே நேரம்' என்று மாறியதும் விடையும் மாறிவிட்டது. கணக்கின் உயிர் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. எண்களுக்கு மட்டும் வட்டம் போட்டுவிட்டுச் சொற்களைத் தாண்டிப்போகும் பழக்கம் இந்த வயதுப் பிள்ளைகள் பலரிடம் இருக்கிறது. உங்கள் மகளின் கேள்வித்தாளிலும் எண்களைச் சுற்றித்தான் பென்சில் வட்டங்கள் இருக்கின்றன.

அடுத்தது நிகழ்தகவு. இரண்டு நாணயங்களை ஒரே நேரத்தில் சுண்டினால் குறைந்தது ஒரு தலை விழுவதற்கான நிகழ்தகவு என்ன? அவள் எழுதிய விடை 2/3. இரண்டு தலை, ஒரு தலை, தலையே இல்லை என்று மூன்று வகைகளை எழுதி, அதில் இரண்டு நமக்குச் சாதகம், ஆகவே மூன்றில் இரண்டு என்று முடித்திருக்கிறாள். விடை தவறு. ஆனால் அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவள் தனக்கென்று ஒரு வழியை யோசித்து எழுதிய ஒரே இடம் அந்தத் தாளில் இதுதான்.

அதற்குமேல் இன்னொரு செய்தி அவளுக்குத் தெரிய வேண்டும். டி அலம்பேர் என்ற பெரும் பிரெஞ்சுக் கணித அறிஞர், அவரும் சேர்ந்து பதிப்பித்த கலைக்களஞ்சியத்தில் 1754-ஆம் ஆண்டு இதே கணக்குக்கு இதே 2/3-ஐத்தான் எழுதினார். முதல் சுண்டலில் தலை விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, இரண்டாவது முறை சுண்டவே தேவையில்லை. ஆகவே மொத்தம் மூன்றே வழிகள் என்பது அவருடைய வாதம். தலை, பூவுக்குப் பின் தலை, பூவுக்குப் பின் பூ. வழிகள் மூன்றுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் மூன்றுக்கும் சம வாய்ப்பு இல்லை. முதலிலேயே தலை விழுவது பாதிக்குப் பாதி நடக்கும். மற்ற இரண்டும் ஆளுக்குக் கால் பங்கு. பாதியும் காலும் சேர்ந்தால் 3/4, அதுவே சரியான விடை.

உங்கள் மகளின் மூன்று வகைகளிலும் இதே சிக்கல்தான். ஒரு ரூபாய் நாணயம் ஒன்றையும் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றையும் அவள் கையில் கொடுங்கள். ஒரு ரூபாயில் தலை, ஐந்து ரூபாயில் பூ என்பது ஒரு நிகழ்வு. ஒரு ரூபாயில் பூ, ஐந்து ரூபாயில் தலை என்பது வேறொரு நிகழ்வு. 'ஒரு தலை' என்று அவள் ஒன்றாக எழுதியதற்குள் இரண்டு ஒளிந்திருக்கின்றன. ஆகவே மொத்தம் நான்கு, அவற்றில் மூன்று சாதகம். நம்பிக்கை வரவில்லையென்றால் இருவருமாக உட்கார்ந்து நூறு முறை சுண்டிக் குறித்துக்கொள்ளுங்கள். தலையே விழாத தடவைகள் பெரும்பாலும் 25-க்குப் பக்கத்தில் நிற்கும், 33-க்குப் பக்கத்தில் அல்ல. அரை மணி நேரம் ஆகலாம். அந்த அரை மணி நேரம் கைடில் இருபது பக்கம் புரட்டுவதைவிடப் பயன் தரும் என்று உறுதியாகச் சொல்வேன். 'சம வாய்ப்புள்ள' என்று பாடப்புத்தகத்தில் வரும் சொற்களைப் பிள்ளைகள் அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். கூறுவெளியை, அதாவது நடக்கக்கூடிய எல்லா விளைவுகளின் பட்டியலை, எழுதும்போது அந்த நிபந்தனை நிறைவேறாவிட்டால் எண்ணிக்கையை வைத்து வகுக்கவே கூடாது.

'குறைந்தது ஒன்று' என்று கேள்வியில் பார்த்ததும் 'ஒன்றுகூட இல்லை' என்பதைக் கணக்கிட்டு 1-லிருந்து கழிக்கும் குறுக்குவழியை ஆசிரியர் நடத்தியிருப்பார். இங்கே தலையே இல்லாதது 1/4, கழித்தால் 3/4. நாணயங்கள் பத்து ஆனாலும் இந்த வழி அலுக்காது.

பேயிஸ் தேற்றக் கணக்கில், அதாவது நடந்ததை வைத்து அது எதனால் நடந்திருக்கும் என்ற வாய்ப்பைக் கண்டுபிடிக்கும் கணக்கில், அவளுக்கு ஐந்தில் ஒரு மதிப்பெண் கிடைத்திருக்கிறது. கேள்வி இது. ஒரு தொழிற்சாலையில் முதல் இயந்திரம் மொத்த பல்புகளில் 60 சதவீதத்தைத் தயாரிக்கிறது, அவற்றில் 2 சதவீதம் பழுது. இரண்டாவது இயந்திரம் 40 சதவீதத்தைத் தயாரிக்கிறது, அவற்றில் 5 சதவீதம் பழுது. எடுத்த ஒரு பல்பு பழுதாக இருக்கிறது. அது இரண்டாவது இயந்திரத்திலிருந்து வந்திருப்பதற்கான நிகழ்தகவு என்ன? அவள் 0.4-ஐ 0.05-ஆல் பெருக்கி 0.02 என்று எழுதிக் கீழே இரட்டைக் கோடு போட்டு முடித்துவிட்டாள். நோட்டிலோ இதே வகைக் கணக்கு அரைப் பக்கச் சூத்திரத்தோடு பிழையில்லாமல் இருக்கிறது. சூத்திரத்தை மனப்பாடம் செய்திருக்கிறாள், தேர்வில் பாதிதான் நினைவுக்கு வந்திருக்கிறது.

சூத்திரம் மறந்தாலும் இந்தக் கணக்கைக் கைவிட வேண்டியதில்லை. சதவீதத்தையும் தசமத்தையும் தள்ளிவைத்துவிட்டு 1000 பல்புகள் என்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் இயந்திரம் செய்தவை 600, அவற்றில் பழுது 12. இரண்டாவது இயந்திரம் செய்தவை 400, அவற்றில் பழுது 20. பழுதானவை மொத்தம் 32. நம் கையில் இருப்பது அந்த 32-இல் ஒன்று. அது இரண்டாவது இயந்திரத்துடையதாக இருக்க வாய்ப்பு 20/32, சுருக்கினால் 5/8. முடிந்தது. இதை ஒரு சின்ன அட்டவணையாக எழுதிவிட்டு அதன் பிறகு சூத்திரத்தைப் பார்த்தால், சூத்திரத்தின் மேலே இருப்பது அந்த 20, கீழே இருப்பது அந்த 32 என்று தெரியும். அப்படித் தெரிந்துகொண்ட சூத்திரம் எளிதில் மறப்பதில்லை.

அவள் எழுதிய 0.02 பிழையான எண் அல்ல, வேறொரு கேள்விக்கான விடை. எல்லாப் பல்புகளையும் கலந்து கண்ணை மூடி ஒன்றை எடுத்தால், அது இரண்டாவது இயந்திரத்துடையதாகவும் பழுதாகவும் இருக்க வாய்ப்பு என்ன என்று கேட்டிருந்தால் 0.02 சரி. நம் கேள்வியில் பல்பு பழுது என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. நல்ல பல்புகள் 968-ஐயும் ஒதுக்கிவைத்த பிறகுதான் கேள்வியே தொடங்குகிறது. சார்நிலை நிகழ்தகவில் 'இன்னது நடந்துவிட்டது எனில்' என்று வரும் பகுதியை அடிக்கோடிடச் சொல்லுங்கள். எந்த எண்ணால் வகுக்க வேண்டும் என்பதை அந்தப் பகுதிதான் சொல்கிறது. நாளைக்கு ஒரு மருத்துவப் பரிசோதனை முடிவைப் படிக்கவும் இதே அட்டவணை அவளுக்கு உதவும். 'நோய் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு முடிவு பாசிட்டிவாக வரும்' என்பதும் 'முடிவு பாசிட்டிவாக வந்தவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் நோய் இருக்கிறது' என்பதும் வேறு வேறு கேள்விகள். படித்தவர்களும் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள்.

தொடர்புப் போக்குக் கோடுகள் (ஓர் அளவை வைத்து இன்னோர் அளவை மதிப்பிட உதவும் கோடுகள்) கணக்கைப் பார்த்தபோதுதான் எனக்கு அவள்மீது முழு நம்பிக்கை வந்தது. எக்ஸ் + 2ஒய் = 5, 2எக்ஸ் + 3ஒய் = 8 என்ற இரண்டு கோடுகளைக் கொடுத்து, எக்ஸ், ஒய் இரண்டின் சராசரிகளையும், இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுவையும் கேட்டிருக்கிறார்கள். இரண்டு கோடுகளும் சராசரிகளின் வழியாகத்தான் போகும் என்பதை நினைவில் வைத்து, சமன்பாடுகளைத் தீர்த்து எக்ஸ் சராசரி 1, ஒய் சராசரி 2 என்று ஒரு பிசகும் இல்லாமல் எழுதியிருக்கிறாள். இவ்வளவு செய்யத் தெரிந்த பெண் "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

அடுத்த படியில்தான் சறுக்கல். எந்தக் கோடு ஒய்-ஐ மதிப்பிடுவதற்கானது, எந்தக் கோடு எக்ஸ்-ஐ மதிப்பிடுவதற்கானது என்று கேள்வியில் சொல்லவில்லை. அவள் மாற்றி எடுத்துக்கொண்டாள். கோடுகளின் கெழுக்கள் –2/3 என்றும் –2 என்றும் வந்தன. பெருக்கினால் 4/3, வர்க்கமூலம் 1.15. ஒட்டுறவுக் கெழு 1.15 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். ஒட்டுறவுக் கெழு –1-க்கும் 1-க்கும் இடையில்தான் இருக்க முடியும். இது அவளுக்குத் தெரியும், இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்றில் அதே தாளில் எழுதியும் இருக்கிறாள். தெரிந்ததைத் தன் விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை. 1.15 என்று வந்ததுமே "கோடுகளை மாற்றி எடுத்திருக்கிறாய்" என்று அந்த விடையே சொல்கிறது. திருப்பி எடுத்தால் –1/2, –3/2. பெருக்கினால் 3/4, வர்க்கமூலம் 0.866. இரண்டு கெழுக்களும் குறை எண்கள் என்பதால் ஒட்டுறவும் குறை எண்தான், –0.866. வர்க்கமூலம் எடுக்கும்போது இந்தக் குறியைத் தொலைப்பது பலரும் செய்யும் தவறு. அவளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்டவிலக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 4, 8, 6, 5, 7 என்ற எண்களுக்கு வீட்டில் 1.58 என்று எழுதி, கைடின் விடை 1.41 என்பதைப் பார்த்து அடித்திருக்கிறாள். பக்கத்தில் கேள்விக்குறியும் போட்டிருக்கிறாள். இரண்டும் எங்கிருந்து வந்தன என்று அவளுக்குத் தெரிய வேண்டும். சராசரி 6. விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 10. பள்ளிப் பாடத்தில் இதை எண்ணிக்கையான 5-ஆல் வகுத்து 2, அதன் வர்க்கமூலம் 1.41. செல்போன் கணக்குச் செயலிகள் பலவும், இந்த ஐந்தும் ஒரு பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த மாதிரி என்று கருதி, எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து 4-ஆல் வகுக்கின்றன. அப்படி வந்ததுதான் 1.58. செயலியும் தவறு செய்யவில்லை, கைடும் தவறு செய்யவில்லை. தேர்வில் 1.41-தான். வர்க்கம் எடுப்பதற்கு முன் விலக்கங்களைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். –2, 2, 0, –1, 1, கூட்டினால் பூச்சியம். பூச்சியம் வராவிட்டால் சராசரியிலோ கழித்தலிலோ தவறு இருக்கிறது என்று பொருள். அங்கேயே நிறுத்தித் திருத்திக்கொள்ளலாம்.

இனி, வீட்டுப்பாடம் போடும் விதத்தை எப்படி மாற்றுவது என்று சொல்கிறேன். நேரத்தைக் கூட்ட வேண்டாம், அந்த ஒரு மணி நேரம் போதும். அன்று நடத்திய பாடத்தின் கணக்குகளில் இரண்டை மட்டும் போடட்டும். மீதி நேரத்துக்கு, பழைய பாடங்களிலிருந்து கணக்குகளைக் கலந்து எடுக்க வேண்டும். இந்த வேலையை நீங்களே செய்யலாம், கணக்கு தெரிய வேண்டியதில்லை. புத்தகத்தில் வெவ்வேறு பயிற்சிகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கேள்விகளைத் துண்டுத் தாள்களில் எழுதுங்கள். தலைப்பையும் பயிற்சி எண்ணையும் எழுதாதீர்கள், பின்பக்கத்தில் பக்க எண் மட்டும் இருக்கட்டும். மடித்து ஒரு டப்பாவில் போட்டுவைத்தால், தினமும் நான்கு எடுத்து அவள் போடலாம். முதல் வாரம் மிகவும் கஷ்டப்படுவாள். முன்பு பத்து போட்ட நேரத்தில் மூன்றுகூட முடியாது. சிவப்பு மையின் 'சரி'கள் குறையும், முன்பைவிட மோசமாகிவிட்டது என்று இருவருக்கும் தோன்றும். தயவுசெய்து அப்போது விட்டுவிடாதீர்கள். எந்த வகைக் கணக்கு என்று தேடித் திணறுவதுதான் இத்தனை நாள் அவளுக்குக் கிடைக்காத பயிற்சி.

பேனா எடுத்ததும் சூத்திரத்தை எழுதக் கூடாது. கேள்வி கேட்பது என்ன என்பதைத் தன் சொந்த வாக்கியத்தில் ஒரு வரி எழுத வேண்டும். பிறகு விடை சுமாராக எவ்வளவு இருக்கும் என்று ஓர் ஊகம். பக்கத்தில் நீங்கள் தைத்துக்கொண்டே "என்ன கேட்கிறார்கள்?" என்று கேளுங்கள், அவள் வாயால் சொல்லட்டும். சொல்லத் திணறினால் கேள்வியை இன்னொரு தடவை படிக்கச் சொல்லுங்கள். போட்டு முடித்ததும் "இது சரியென்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். "கைடில் இருக்கிறது" என்பது பதில் ஆகாது. நிகழ்தகவு ஒன்றைத் தாண்டவில்லை, சராசரி சின்ன எண்ணுக்கும் பெரிய எண்ணுக்கும் நடுவில் இருக்கிறது, விலக்கங்களைக் கூட்டினால் பூச்சியம் வருகிறது என்று கணக்குக்குள்ளிருந்தே ஒரு காரணம் சொல்ல வேண்டும். அவள் சொல்லும் காரணம் உங்களுக்கு முழுவதும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. உங்களுக்குப் புரிய வைக்க அவள் படும் பாட்டில் அவளுக்குத் தெளிந்துவிடும்.

போனைப் பிடுங்க வேண்டாம். பதினாறு வயதுப் பெண்ணிடம் பிடுங்கினால் தோழியின் போனில் பார்ப்பாள், உங்களிடம் சொல்வதையும் நிறுத்திவிடுவாள். எப்போது பார்ப்பது என்பதை மட்டும் மாற்றுங்கள். ஒரு கணக்கோடு பதினைந்து நிமிடமாவது தனியாக மல்லுக்கட்டிய பிறகே பார்க்கலாம். பார்க்கும்போதும் தான் நின்ற இடத்துக்கு அடுத்த ஒரே வரியைப் பார்த்துவிட்டு மூடிவிட வேண்டும். அந்த ஒரு வரி போதாமல் முழு வழிமுறையையும் பார்க்க நேர்ந்தால், அந்தக் கணக்குத் துண்டு மீண்டும் டப்பாவுக்குள் போக வேண்டும். இரண்டு நாள் கழித்து, எதையும் பார்க்காமல் வெறும் தாளில் போட்டால்தான் அது அவளுடைய கணக்கு. "பார்த்தால் புரிகிறது" என்று அவள் சொல்வது உண்மைதான். பார்த்துப் புரிவதற்கும் தானே தொடங்கி முடிப்பதற்கும் இடையில் ஒரு பெரிய தூரம் இருக்கிறது என்பதை அந்த இரண்டாம் நாள் அவளே உணர்வாள்.

டியூஷன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் போய் வாசலில் நின்று பாருங்கள். நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, ஆசிரியர் பலகையில் எழுத, எல்லோரும் நோட்டில் இறக்கிக்கொண்டிருந்தால் அந்தப் பணம் வீண். கைடு செய்யும் அதே வேலையை அங்கே ஓர் ஆள் செய்கிறார், அவ்வளவுதான். பிள்ளைகளைப் போடவிட்டு, தவறும் இடத்தில் நிறுத்தி "ஏன் இப்படி எழுதினாய்?" என்று கேட்கிற ஆசிரியர் கிடைத்தால் சேர்க்கலாம். என்னைக் கேட்டால், முதலில் பள்ளியில் அவளுடைய கணக்கு ஆசிரியரைப் பார்க்கச் சொல்வேன். விடைத்தாளை எடுத்துக்கொண்டு, உணவு இடைவேளையில் ஒரு கணக்கை மட்டும் காட்டி, "இந்த வரிவரை எனக்குத் தெரிகிறது, இதற்கு மேல் ஏன் இப்படி?" என்று அவளே கேட்கட்டும். 'ஒன்றும் புரியவில்லை' என்று வரும் மாணவிக்கு ஆசிரியரால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது. இடத்தைக் காட்டிக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். தேர்விலும் வழிமுறைக்கு மதிப்பெண் உண்டு. ஆகவே, அடித்துத் திருத்தியதாக இருந்தாலும் எடுத்த படிகளைத் தாளில் தெளிவாக எழுதிப் பழகட்டும். பேயிஸ் கணக்கில் அந்தச் சின்ன அட்டவணையை எழுதியிருந்தாலே ஒன்றுக்கு மேல் கிடைத்திருக்கும்.

டப்பாவில் முதலில் போட நான் ஐந்து கணக்குகள் தருகிறேன். தனித்தனித் துண்டுகளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு கடைக்காரர் ஒரு பொருளின் விலையை 20 சதவீதம் ஏற்றி, பிறகு ஏற்றிய விலையில் 20 சதவீதம் தள்ளுபடி தருகிறார். பழைய விலையோடு ஒப்பிட்டால் புதிய விலை எத்தனை சதவீதம் மாறியிருக்கிறது?

ஒரு வகுப்பில் 40 பேர், அவர்களுடைய சராசரி மதிப்பெண் 50. இன்னொரு வகுப்பில் 60 பேர், சராசரி 60. இரண்டு வகுப்புகளையும் சேர்த்தால் சராசரி என்ன?

ஐந்து எண்களின் சராசரி 6 என்று கணக்கிட்டார்கள். பிறகுதான் 8 என்ற எண்ணைத் தவறுதலாக 3 என்று படித்தது தெரிந்தது. சரியான சராசரி என்ன?

மூன்று நாணயங்களைச் சுண்டினால் குறைந்தது ஒரு தலை விழுவதற்கான நிகழ்தகவு என்ன?

இரண்டு பகடைகளை உருட்டினால் கூட்டுத்தொகை 7 வருவதற்கான நிகழ்தகவு என்ன?

விடைகள்: 7/8, 56, 1/6, 4, 7. வரிசையை மாற்றித்தான் கொடுத்திருக்கிறேன், ஒன்றில் கூடுதலா குறைவா என்பதையும் சொல்லவில்லை. எது எந்தக் கணக்குக்கு என்பதை அவளே பொருத்தி, ஏன் என்று உங்களிடம் சொல்லட்டும்.